நார்மலைஸ், கம்ப்ரஷன், லஃப்ஸ்: பேச்சுப் பதிவு எடிட்டிங்கில் வரும் சொற்களுக்கு விளக்கம் தேவை

வாசிப்பறை:

வணக்கம். சிறுகதைகளை வாசித்துப் பாட்காஸ்டாக வெளியிடும் சிறு குழு எங்களுடையது. ஒரே குரல், யூஎஸ்பி மைக், விண்டோஸில் ஆடாசிட்டி (ஒலி எடிட்டிங் மென்பொருள்), மோனோ பதிவு, ஒரு பகுதி ஏறக்குறைய 25 நிமிடம். வெட்டவும் ஒட்டவும் தெரியும். அதற்கு மேல் மெனுவில் இருக்கும் சொற்கள்தான் புரியவில்லை.

1. ப்ராஜெக்ட் ரேட் 44,100-ஆ, 48,000-ஆ? 16 பிட், 24 பிட், 32 பிட் ஃப்ளோட் இவற்றில் எது, ஏன்?

2. கெயின், ஆம்ப்ளிஃபை, நார்மலைஸ், லவுட்னஸ் நார்மலைசேஷன் எல்லாமே சத்தத்தைத்தான் கூட்டுகின்றன. பிறகு எதற்கு இத்தனை? நார்மலைஸில் -1 கொடுத்த பிறகும் மற்ற பாட்காஸ்டுகளுக்குப் பக்கத்தில் எங்களுடையது மெலிந்து கேட்கிறது.

3. கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட், ரேஷியோ, அட்டாக், ரிலீஸ். எந்த எண்ணை எதைப் பார்த்து வைப்பது?

4. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடுகிறது.

5. வெட்டிய இடங்களில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

6. -16 லஃப்ஸ், ட்ரூ பீக் -1 என்று வெளியீட்டுத் தளத்தில் கேட்கிறார்கள். அப்படியென்றால்?

ஒலிமேசை:

1, 2, 6 மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. அவற்றை மட்டும் எழுதுகிறேன், மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு நொடியில் ஒலியலையை எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுகிறோம் என்பதுதான் சாம்பிள் ரேட். அதில் பாதி வரையிலான அதிர்வெண்தான் பதிவில் பிடிபடும். 44,100 வைத்தால் 22,050 ஹெர்ட்ஸ். மனிதக் காது எட்டுவதே 20,000 வாக்கில்தான். அதனால் உங்கள் இரண்டு எண்களுக்கும் காதில் வித்தியாசம் தெரியாது. வீடியோவோடு சேரப்போகிறது என்றால் 48,000, ஒலி மட்டும் என்றால் 44,100, அவ்வளவுதான். (44,100 என்ற விநோத எண் வீடியோ டேப்பிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ ரெக்கார்டரில் எழுதினார்கள்: ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டுக்கு 245 கோடு, நொடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள்.)

எது வைத்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதையே வைத்திருங்கள். ஆடாசிட்டியில் ஒரு பொறி உண்டு: டிராக்கின் இடப்பக்க மெனுவில் இருக்கும் 'ரேட்' ஒலியை மாற்றி எழுதாது, ஓடும் வேகத்தைத்தான் மாற்றும். 48,000-இல் பதிவான ஒரு மணி நேரப் பேச்சுக்கு அங்கே 44,100 என்று வைத்தால் அது 65 நிமிடம் 18 நொடி ஓடும். குரலும் ஒன்றரை ஸ்வரஸ்தானம் போல இறங்கிவிடும். 'தொண்டை கட்டிய மாதிரி இருக்கிறதே' என்று வரும் கேள்விகளில் பாதி இதுதான். உண்மையிலேயே மாற்ற வேண்டுமானால் டிராக்ஸ் மெனுவில் உள்ள ரீசாம்பிளைப் பயன்படுத்துங்கள்.

பிட் டெப்த் என்பது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டிபி (டெசிபெல், ஒலி மட்டத்தின் அலகு). 16 பிட்டில் 96 டிபி இடைவெளி, 24 பிட்டில் கணக்குப்படி 144. உங்கள் அறையின் இரைச்சலே -55, -60 டிபியில் இருக்கும். ஆகவே கேட்பவருக்கு அனுப்பும் கோப்புக்கு 16 பிட் தாராளம். பதிவு செய்யும்போது 24 பிட் நல்லது, ஏனென்றால் பயமில்லாமல் லெவலைக் குறைத்து வைத்துப் பதியலாம். விண்டோஸில் உங்கள் மைக் 24 பிட் தருமானால் ஆடியோ ஹோஸ்ட்டை (விண்டோஸ் ஒலியை ஆடாசிட்டிக்குக் கொடுக்கும் வழி) எம்எம்இ-யிலிருந்து வாசபிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் 16 பிட்தான் உள்ளே வரும்.

32 பிட் ஃப்ளோட் வேறு சங்கதி. அதில் 0 டிபியைத் தாண்டிய ஒலியும் அழியாமல் எண்ணாகவே இருக்கும். எடிட்டிங்கின் நடுவில் ஒரு எஃபெக்ட் +3 டிபிக்குத் தள்ளிவிட்டால் அடுத்த படியில் இறக்கிக்கொள்ளலாம், ஒன்றும் சேதமில்லை. ப்ராஜெக்ட்டை எப்போதும் 32 ஃப்ளோட்டில் வையுங்கள். ஆனால் மைக்கிலேயே கிளிப் ஆனதை அது காப்பாற்றாது. அலையின் உச்சி மட்டமாக வெட்டுப்பட்டது மைக்குக்குள் இருக்கும் கன்வெர்ட்டரில். ஆடாசிட்டிக்கு வந்து சேர்வதே வெட்டுப்பட்ட அலைதான். 'கிளிப் ஃபிக்ஸ்' ஒன்றிரண்டு உச்சிகளைச் சமாளிக்கும், முழு வாக்கியத்தைச் சமாளிக்காது. மைக் கெயினைத் திருப்பி, உரக்கப் பேசும் இடத்தில் உச்சி -12க்கும் -6க்கும் நடுவில் நிற்கும்படி வையுங்கள்.

இனி லெவல். டிஜிட்டலில் 0 டிபிதான் கூரை, எல்லா அளவும் அதற்குக் கீழே மைனஸில். கெயின் என்பது பொதுவாக உள்ளே வரும் முனையில் கூட்டுவது. ஆம்ப்ளிஃபை, தேர்ந்தெடுத்த எல்லாவற்றையும் ஒரே டிபி அளவுக்குக் கூட்டும். நார்மலைஸ், மிக உயர்ந்த ஒரே ஒரு உச்சியைப் பார்த்து, அது நீங்கள் சொன்ன இடத்தில் வந்து நிற்கும் அளவுக்கு மொத்தத்தையும் கூட்டும். பல டிராக்குகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டும். பின்னணி இசையையும் குரலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நார்மலைஸ் போட்டால் நீங்கள் செய்துவைத்த சமநிலை போய்விடும்.

இங்கேதான் உங்கள் குறை இருக்கிறது. 25 நிமிடத்தில் ஒரே ஒரு இருமல், ஒரே ஒரு 'ஐயோ!' உச்சியில் இருந்தால் நார்மலைஸ் அதைத்தான் பார்க்கும், மீதிப் பேச்சு கீழேயே கிடக்கும். காது உச்சியைக் கேட்டு உரப்பை முடிவு செய்வதில்லை, சராசரியைக் கேட்கிறது. அந்தச் சராசரியைக் காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடைபோட்டு அளப்பதுதான் லஃப்ஸ். ஐடியூவின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பிஎஸ்.1770 என்ற தரநிலை (முதல் பதிப்பு 2006) இதை வரையறுக்கிறது. 400 மில்லிநொடித் துண்டுகளாக அளக்கும், நிசப்தமான துண்டுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். அதனால் கதையில் நீண்ட இடைநிறுத்தங்கள் இருப்பதால் எண் தாழ்ந்துவிடாது. லவுட்னஸ் நார்மலைசேஷன் இந்த எண்ணைப் பார்த்துக் கூட்டுகிறது. ஐரோப்பிய ஒலிபரப்பில் -23, ஆப்பிள் பாட்காஸ்டுக்கு -16, ஸ்பாட்டிஃபை இயல்பாக -14.

ட்ரூ பீக்: சாம்பிள்கள் புள்ளிகள்தான், அலை அவற்றுக்கு நடுவிலும் ஓடுகிறது. இரண்டு சாம்பிளுக்கு நடுவே உச்சி விழுந்தால் சாதாரண மீட்டர் அதைப் பார்க்காது. 11,025 ஹெர்ட்ஸ் சுத்த அலையை 44,100-இல் பதிந்தால், சாம்பிள் விழும் இடத்தைப் பொறுத்து மீட்டர் 3 டிபி வரை குறைத்துக் காட்டலாம். எம்பி3 ஆக்கும்போதும் அலை சற்று உருமாறி உச்சிகள் எழும்பும். அந்த -1 இதற்கெல்லாம் விட்டுவைக்கும் இடம்.

கருப்பு வயர்:

நாய்ஸ் பத்தி நான் சொல்றேன்.

நாய்ஸ் ரிடக்ஷன் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா 'தண்ணி' ஏன் வருதுன்னு புரிஞ்சிடும். ஒலியை நூத்துக்கணக்கான சின்னச் சின்ன அதிர்வெண் பட்டைகளாப் பிரிக்குது. நீங்க காட்டின வெறும் இரைச்சல் துண்டுல ஒவ்வொரு பட்டையிலயும் எவ்வளவு இருந்துச்சுன்னு நினைவு வச்சுக்கும். அப்புறம் எந்தப் பட்டை அந்த அளவுக்குக் கீழ இருக்கோ அதை மட்டும் தணிக்கும். எல்லைக்கோட்டுல இருக்கிற பட்டைகள் கண்டபடி திறந்து மூடும். அந்தத் திறப்பும் மூடலும்தான் உங்களுக்கு கிணுகிணுன்னு தண்ணி மாதிரி கேட்குது. எவ்வளவு டிபி குறைக்கச் சொல்றீங்களோ அவ்வளவு தெளிவாக் கேட்கும்.

செய்ய வேண்டியது: பேச்சு இல்லாத ஒரு ரெண்டு நொடியைத் தேர்ந்தெடுங்க. மூச்சு, நாற்காலி சத்தம் எதுவும் அதுல இருக்கக் கூடாது. 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' அழுத்துங்க. பிறகு முழுசும் தேர்ந்தெடுத்து ரிடக்ஷன் 6, சென்சிடிவிட்டி 6, ஃப்ரீக்வன்சி ஸ்மூதிங் 3லேர்ந்து 6. போதலைன்னா ப்ரொஃபைலைப் புதுசா எடுத்து இன்னொரு தடவை 6 போடுங்க, ஒரே அடியா 18, 24ன்னு போகாதீங்க. அப்ளை பண்றதுக்கு முன்னாடி 'ரெசிட்யூ' தேர்ந்தெடுத்துக் கேளுங்க, வெளிய போகிற சத்தம் மட்டும் கேட்கும். அதுல சொற்கள் புரியுதுன்னா குரலையே சுரண்டுறீங்கன்னு அர்த்தம்.

இது ஒரே சீரா ஓடுற இரைச்சலுக்கு மட்டும்தான். ஏசி போகும். சீலிங் ஃபேன் பாதிதான் போகும், ஏன்னா இறக்கை சுத்தச் சுத்தக் காத்து ஏறி இறங்குது. பைக் ஹாரன், குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி? போகவே போகாது. அறையோட ரிவெர்ப், அதாவது சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற முழக்கம், அதுவும் இரைச்சல் இல்லை, உங்க குரலேதான். அதை இதால எடுக்க முடியாது. பீரோவுல தொங்குற துணிக்கு முன்னாடி உட்கார்ந்து, மைக்கை ஒரு சாண் தூரத்துல வச்சுப் பதிவு பண்றது எந்த பிளகினையும் விட நல்லா வேலை செய்யும்.

ஹம்: 'ம்ம்ம்'னு அடியில ஓடுறது. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால 50, 100, 150ன்னு வரும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டுப் பதிவு பண்ணிப் பாருங்க, பல சமயம் அதோட நின்னுடும். கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது பதிவு பண்ணாதீங்க, சுத்தமான சைன் அலை தராத இன்வெர்ட்டர்னா மேல் அதிர்வெண்கள் வரைக்கும் கரகரப்பு ஏறும். ஏற்கனவே பதிவாயிடுச்சுன்னா ஹை பாஸ் ஃபில்டர், அதாவது நீங்க சொல்ற அதிர்வெண்ணுக்குக் கீழ இருக்கிறதைக் குறைக்கிறது. 80 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகிற ஒவ்வொரு படிக்கும்) 24 டிபி வச்சா 50ல இருக்கிற ஹம் 16 டிபி குறையும், 100ல இருக்கிற ஆண் குரலோட அடித்தளம் 1 டிபி கூடக் குறையாது. மிச்சம் 100, 150ல கேட்டா அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் பள்ளமாக் குறைக்கிற நாட்ச் ஃபில்டர், க்யூ மதிப்பை உயர்த்தி வைங்க. க்யூ அதிகமானா பள்ளம் குறுகும், குரல் பிழைக்கும்.

பாப்: ப-வில் தொடங்குற சொல் நேரா மைக்ல காத்தை அடிக்கிறது. அலைவடிவத்துல அகலமா ஒரு மேடு மாதிரி தெரியும். அந்த 50-100 மில்லிநொடியை மட்டும் தேர்ந்தெடுத்து ஹை பாஸை 150ல போடுங்க. முழு டிராக்குக்கும் 150 போட்டா ஆண் குரல் தகர டப்பா ஆயிடும். 'ச்ச', 'ஸ்', 'ஷ' கூசுதுன்னா அந்தச் சீறலை மட்டும் அமுக்குற டி-எஸ்ஸர், 5,000லேர்ந்து 8,000 ஹெர்ட்ஸுக்குள்ள தேடுங்க.

கேட்: த்ரெஷோல்டுக்குக் கீழ போனா கதவை மூடுற எஃபெக்ட். தமிழுக்கு இதை எச்சரிக்கையாப் போடணும். 'பாட்டு', 'வந்தது', 'கிழக்கு' மாதிரி உகரத்துல முடியற சொற்கள் கடைசியில ரொம்ப மெலிஞ்சுதான் ஒலிக்கும். கேட் அதைப் பிடிச்சு நறுக்கிடும், 'வந்தத்', 'கிழக்க்'னு கேட்கும். போட்டே ஆகணும்னா குறைக்கும் அளவை -100ல வைக்காம -10, -12ல வைங்க, மூடற நேரத்தை 200 மில்லிநொடிக்கு மேல விடுங்க.

வாசிப்பறை:

இருவருக்கும் மிக்க நன்றி. லவுட்னஸ் நார்மலைசேஷனை -16 என்று கொடுத்துப் பார்த்தோம். உரப்பு சரியாக வந்தது. ஆனால் அலை முழுக்கச் சிவப்பு! உச்சி +7 காட்டுகிறது. போடுவதற்கு முன் யூலீன் மீட்டரில் அளந்தது: -27 லஃப்ஸ், ட்ரூ பீக் -4. இன்னொன்று, மோனோவாக எக்ஸ்போர்ட் செய்து அதே மீட்டரில் போட்டால் -16க்குப் பதில் -19 காட்டுகிறது. எது உண்மை?

அரைமாத்திரை:

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. -4க்கும் -27க்கும் இடைவெளி 23. உங்களிடம் கேட்பது -1, -16, இடைவெளி 15. நார்மலைஸ் எந்த வகையாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்கும், இடைவெளி மாறவே மாறாது. 11 டிபி ஏற்றினீர்கள், -4 போய் +7 ஆனது. அந்தக் கூடுதல் 8 டிபியைக் குறைப்பதுதான் கம்ப்ரஸரின் வேலை, லிமிட்டரின் வேலை. கதை வாசிப்பில் கிசுகிசுப்பும் கூச்சலும் மாறி மாறி வருவதால் 23 என்பது ஒன்றும் அதிசயமில்லை. அலைவடிவம் சிவப்பாக இருந்தாலும் 32 ஃப்ளோட் ப்ராஜெக்ட் என்பதால் இன்னும் எதுவும் கெடவில்லை. அந்த நிலையில் எக்ஸ்போர்ட் செய்தால்தான் கெடும்.

த்ரெஷோல்ட் என்பது கம்ப்ரஸர் விழித்துக்கொள்ளும் மட்டம். ரேஷியோ, அதைத் தாண்டியதை எத்தனையில் ஒன்றாக்குவது என்பது. 3:1 என்றால் 9 டிபி தாண்டியது 3 ஆகும். 6 டிபி குறைந்தது. பேச்சுக்கு உரத்த இடங்களில் 5, 6 டிபி குறைந்தால் போதும், அதற்கு மேல் போனால் வாசிப்பவரின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். எனவே பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உரத்த சொற்கள் -10ஐத் தொடுகின்றன என்றால் த்ரெஷோல்ட் -19. மற்றவர் கொடுத்த ப்ரீசெட்டை அப்படியே எடுத்துப் போடுவதால் பயனில்லை. அவர் குரல் -10ஐத் தொட்டது, உங்களுடையது -20லேயே நிற்கிறது என்றால் உங்கள் கம்ப்ரஸர் தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அட்டாக் என்பது தாண்டிய பிறகு எவ்வளவு நேரத்தில் அமுக்கத் தொடங்குவது, ரிலீஸ் என்பது அடங்கிய பிறகு எவ்வளவு நேரத்தில் விடுவது. 100 ஹெர்ட்ஸ் குரலின் ஒரு அலைச்சுற்று 10 மில்லிநொடி. இரண்டையும் அதைவிடச் சின்னதாக வைத்தால் கம்ப்ரஸர் சொல்லின் உரப்பைப் பின்தொடராமல் அலையின் வடிவத்தையே பின்தொடரும், குரல் கரகரக்கும். அட்டாக் 5 முதல் 10, ரிலீஸ் 100 முதல் 150 மில்லிநொடி பேச்சுக்குப் பொருந்தும். ரிலீஸை அரை நொடிக்கு மேல் விட்டால் ஒரு கூச்சலுக்கு அடுத்து வரும் மெல்லிய சொல்லும் சேர்ந்து அமுங்கும். மிகக் குறைத்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் மூச்சுச் சத்தம் குபுக்கென்று மேலே வரும். மேக்கப் கெயின் அமுக்கியதை மீண்டும் தூக்குவது. இப்போது 0லேயே வைத்துவிடுங்கள், லவுட்னஸ் நார்மலைசேஷன் பின்னால் வரப்போகிறது.

அட்டாக் 10 வைத்தால் 'ட', 'க' போன்ற வெடிப்புகளின் முதல் சில மில்லிநொடி தப்பித்து மேலே நிற்கும். அதைப் பிடிப்பதற்குத்தான் லிமிட்டர். ரேஷியோவை முடிவிலிக்குக் கொண்டுபோன, மிக வேகமான கம்ப்ரஸர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட கோட்டைத் தாண்ட விடாது. ஆடாசிட்டியின் பழைய லிமிட்டரில் 'ஹார்ட் கிளிப்' என்று ஒரு வகை இருந்தது, அதைத் தொடாதீர்கள், அது உச்சியை வெட்டுகிறது.

வரிசை: ஹை பாஸ், நாய்ஸ் ரிடக்ஷன், கம்ப்ரஸர், லவுட்னஸ் நார்மலைசேஷன் -16, லிமிட்டர் -2. பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். லிமிட்டர் 3 டிபிக்குள் வேலை செய்தால் லஃப்ஸ் ஒரு அரை அளவு இறங்கியிருக்கும், ஆப்பிள் ±1 வரை ஏற்கிறது. லிமிட்டர் 6, 7 டிபி அமுக்க வேண்டியிருந்தால் கம்ப்ரஸர் போதவில்லை என்று பொருள், திரும்பிப் போய் த்ரெஷோல்டை 3 டிபி இறக்குங்கள்.

ஹை பாஸ் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. மேசையில் கை பட்ட 'தொம்' 40 ஹெர்ட்ஸில் இருக்கும், காதுக்கு அதிகம் கேட்காது, ஆனால் கம்ப்ரஸர் அதைப் பார்த்து அந்த நேரத்துச் சொல்லை அமுக்கிவிடும். நாய்ஸ் ரிடக்ஷன் முன்னால் வருவதும் அப்படியே. உங்கள் கோப்பு 11 டிபி ஏறப்போகிறது. -60இல் இருந்த ஃபேன் -49க்கு வந்த பிறகு அதோடு மல்லுக்கட்டுவது கடினம்.

-19 விஷயம்: இரண்டும் உண்மைதான். மோனோ கோப்பில் ஒரு சேனல். கேட்பவரின் இரண்டு ஸ்பீக்கரிலும் அது ஒலிக்கும்போது 3 கூடும். ஆடாசிட்டியில் 'ட்ரீட் மோனோ ஆஸ் டூயல் மோனோ' டிக் ஆகியிருப்பதால் அந்த 3ஐ அது முன்கூட்டியே சேர்த்துக் கணக்கிட்டது. உங்கள் மீட்டர் ஒற்றைச் சேனலாக அளந்தது. கேட்பதற்கு ஸ்டீரியோ -16 பாட்காஸ்டும் மோனோ -19உம் ஒன்றேதான். டிக்கை எடுத்துவிட்டு மோனோவை -16க்குத் தூக்கினால் மற்றவர்களைவிட 3 டிபி உரக்க அலறும்.

குறுக்குவெட்டு:

வரிசையில் ஒரு மாற்றுக் கருத்து: வெட்டி ஒட்டும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். நாய்ஸ் ரிடக்ஷனை மட்டும் வெட்டுவதற்கு முன் போடுவது நல்லது. பதிவு ஒரே தொடர்ச்சியாக இருக்கும்போது ஒரே ப்ரொஃபைல் முழுக்கப் பொருந்தும். மூன்று நாள் பதிவுகளை ஒட்டிய பிறகு போட்டால் ஒரு நாள் ஃபேன் வேகம் 3, ஒரு நாள் 5. ப்ரொஃபைல் எதற்கும் பொருந்தாது.

5ஆவது கேள்விக்கு யாரும் வரவில்லை. அலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே நடுக்கோட்டைக் கடக்கும். கடக்கும் புள்ளிதான் ஜீரோ கிராஸிங். அலை +0.3இல் இருக்கும்போது வெட்டி, -0.2இல் தொடங்கும் துண்டோடு ஒட்டினால் அந்த ஒரு சாம்பிளில் செங்குத்தாக ஒரு குதிப்பு. குதிப்பு என்றால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே நேரத்தில், அதுதான் 'டிக்'. தேர்ந்தெடுத்த பிறகு இசட் விசையைத் தட்டுங்கள், இரு முனைகளும் பக்கத்தில் உள்ள ஜீரோ கிராஸிங்குக்கு நகரும். அதுவும் போதாத இடத்தில் இரண்டு துண்டையும் 5, 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் செய்யுங்கள்: ஒன்று இறங்க, மற்றது ஏற. நீளமான கிராஸ்ஃபேட் பேச்சுக்கு வேண்டாம், இரண்டு சொல் ஒன்றின் மேல் ஒன்று மங்கிக் கேட்கும்.

அலை நடுக்கோட்டிலேயே இல்லாமல் கொஞ்சம் மேலே தூக்கியோ கீழே இறங்கியோ ஓடினால் அது டிசி ஆஃப்செட். மலிவான சவுண்ட் கார்டுகளில் வரும். அது இருக்கும் வரை வெட்டும் இடங்களில் டிக் வரலாம். நார்மலைஸ் பெட்டியில் 'ரிமூவ் டிசி ஆஃப்செட்' இருக்கிறது. எடிட்டிங் தொடங்கும் முன்பே ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

வெட்டு நடுவாக்கியத்தில் விழாமல், அடுத்த சொல்லின் மூச்சுக்குச் சற்று முன் விழட்டும். மூச்சை முழுக்க அழிக்காதீர்கள், 8 டிபி போலக் குறைத்தால் போதும். இடைவெளி வேண்டிய இடத்தில் 'ஜெனரேட் சைலன்ஸ்' போடாதீர்கள். அறையின் மெல்லிய சத்தம் திடீரென்று இல்லாமல் போனால் ஹெட்ஃபோனில் குழி விழுந்தது போலத் தெரியும். பதிவு தொடங்குமுன் யாரும் பேசாமல் 30 நொடி அறையை மட்டும் பதிந்து வையுங்கள். ரூம் டோன் என்பது அதுதான். இடைவெளிகளை அதிலிருந்து நகலெடுத்து நிரப்பலாம், நாய்ஸ் ப்ரொஃபைலும் அதிலிருந்தே எடுக்கலாம்.

ஒலிமேசை:

அதை ஏற்கிறேன், நாய்ஸ் ரிடக்ஷன் முன்னால் வருவதே சரி.

எக்ஸ்போர்ட் பற்றியும் சொல்லிவிடலாம், இல்லையென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் வரும். ஏயூபி3 கோப்பு ப்ராஜெக்ட். உள்ளே ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். அதை கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் திறந்து வைத்து வேலை செய்யாதீர்கள், பாதியில் ஒத்திசைவு குறுக்கிட்டால் திறக்காமல் போகலாம். வேலை முடிந்து மூடிய பிறகு நகலெடுங்கள்.

இறுதிக் கோப்பை ஒரு முறை வேவ் ஆக (16 பிட், மோனோ, 25 நிமிடத்துக்கு 132 எம்பி) எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஃபிளாக் ஆக வைத்தால் ஒரு துளி ஒலியும் இழக்காமல் இன்னும் சுருங்கும். எம்பி3 அப்படியல்ல, காது கவனிக்காது என்று கணித்தவற்றை எறிந்துவிட்டுச் சுருக்குகிறது, எறிந்தது திரும்பாது. இந்தச் சுருக்கத்துக்கும் மேலே அரைமாத்திரை விளக்கிய கம்ப்ரஸருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எம்பி3ஐத் திறந்து ஒரு சொல்லை வெட்டிவிட்டு மறுபடி எம்பி3 ஆக்கினால் இரண்டாம் முறை எறிகிறது. திருத்தம் எப்போதும் வேவிலோ ப்ராஜெக்ட்டிலோதான்.

பிட்ரேட்: மோனோ பேச்சுக்கு 96 கேபிபிஎஸ், கான்ஸ்டன்ட். 25 நிமிடம் 18 எம்பி வரும். 64 வைத்தால் 12 எம்பி, ஆனால் 'ஸ', 'ஷ' ஓசைகளில் மணல் விழும். பின்னணி இசை ஸ்டீரியோவில் இருந்தால் 128, ஜாயிண்ட் ஸ்டீரியோ.

எம்பி3 துண்டுகளை ஒட்டிப் பெரிய கோப்பாக்குவதையும் தவிருங்கள். எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரும் அதைத் திறக்கும் டிகோடரும் சேர்ந்து தொடக்கத்தில் 1,105 சாம்பிள், அதாவது 25 மில்லிநொடி வெற்றிடம் சேர்க்கும். பின்னணி இசை தொடர்ந்து ஓடும் இடத்தில் துண்டு மாறினால் அது விக்கலாகக் கேட்கும்.

டிதர் என்ற சொல்லும் கண்ணில் படும். 32இலிருந்து 16 பிட்டுக்கு இறக்கும்போது கடைசி பிட்டில் சிறு இரைச்சல் தூவி, வட்டமிடும் பிழை ஒழுங்கான உறுத்தலாகக் கேட்காமல் செய்வது. ஆடாசிட்டி தானே செய்கிறது. அறை இரைச்சல் -60இல் இருக்கும் பேச்சுப் பதிவில் டிதர் வகை தேடி நேரம் செலவிட வேண்டாம்.

வாசிப்பறை:

நன்றி. கடைசியாக இரண்டு. அடுத்த பகுதியில் எழுத்தாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலைச் சேர்க்க வேண்டும், எங்கள் குரலோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஆடியோபுக்காகவும் விற்கும் எண்ணம் இருக்கிறது, அதே கோப்பு போதுமா?

கருப்பு வயர்:

வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் கோடெக்ல நல்லா சுருக்கி வருது, மேல் அதிர்வெண்கள் ஏற்கனவே போயாச்சு. ஆடாசிட்டியில ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு (அதிர்வெண்களை உயரவாரியாக் காட்டுற படம்) மாத்துங்க, ஒரு உயரத்துக்கு மேல வெறும் கருப்பா இருக்கும். ஈக்யூல (அதிர்வெண்வாரியாக் கூட்டிக் குறைக்கிற எஃபெக்ட்) அந்த இடத்தைக் கூட்டினா ஒலி வராது, சுருக்கத்தோட அழுக்குதான் மேல வரும். அதுல நாய்ஸ் ரிடக்ஷனும் போடாதீங்க, ஃபோனே ஒரு தடவை போட்டுதான் அனுப்பியிருக்கு. உரப்பை மட்டும் உங்க குரலுக்குச் சமமா கொண்டு வாங்க, 'தொலைபேசியில் அவர் சொன்னது'ன்னு ஒரு வரி முன்னாடி சேர்த்தா கேட்கிறவங்களுக்கு உறுத்தாது. முடிஞ்சா அவரையே ஃபோன் ரெக்கார்டர் ஆப்ல பதிவு பண்ணச் சொல்லி, கோப்பை 'டாக்குமெண்ட்'டா அனுப்பச் சொல்லுங்க. டாக்குமெண்ட்டா வந்தா வாட்ஸ்அப் மறுபடி சுருக்காது.

அரைமாத்திரை:

ஆடியோபுக்குக்கு அதே கோப்பு போதாது. ஏசிஎக்ஸ் (ஆடிபிளில் விற்க ஆடியோபுக்கை ஏற்றும் தளம்) லஃப்ஸைப் பார்ப்பதில்லை, ஆர்எம்எஸ்ஸைப் (காதின் உணர்திறனை எடைபோடாத சராசரி மட்டம்) பார்க்கிறது: -23க்கும் -18க்கும் நடுவில், உச்சி -3க்கு மேல் போகக் கூடாது, இரைச்சல் தளம் -60க்குக் கீழே, 44,100 ஹெர்ட்ஸ், 192 கேபிபிஎஸ் கான்ஸ்டன்ட் எம்பி3. ஒரே தலைப்புக்குள் மோனோவும் ஸ்டீரியோவும் கலக்கக் கூடாது. உங்கள் கம்ப்ரஸர் வரையிலான வேவை ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால், அதிலிருந்து ஆர்எம்எஸ் -20க்கு நார்மலைஸ் செய்து லிமிட்டரை -3.5இல் வைத்துத் தனியாக எடுக்கலாம். லவுட்னஸ் நார்மலைசேஷன் பெட்டியிலேயே ஆர்எம்எஸ் என்ற தேர்வும் இருக்கிறது. பெரும்பாலும் தடுக்கி விழுவது இரைச்சல் தளத்தில்தான். -60 கேட்கிறார்கள் என்று கேட் போட்டு இடைவெளிகளை முழு நிசப்தமாக்கினால் எண் தேறும், ஆனால் கருப்பு வயர் சொன்ன உகரம் எல்லாம் போய்விடும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதியுங்கள்.